இரண்டு பேருக்குத் தெரிந்த பாஷை

அனந்தநாராயணனுக்கு நாற்பத்தொன்பது வயதுக்குள் சொந்தமாகத் தோன்றிய யோசனை ஒன்றே ஒன்றுதான். பாலக்காட்டிலிருந்து பம்பாய்க்கு ரயிலேறியது அண்ணாவின் யோசனை. வயர்லெஸ் படித்தது அத்திம்பேரின் யோசனை. மாதுங்காவில் இருந்த ஒற்றை அறையை விட்டுவிட்டுச் செம்பூர் காலனிக்குக் குடிபோனது மனைவி அகிலாண்டத்தின் யோசனை. இது ஒன்றுதான் அவருடையது. அதனால் தலைச்சன் பிள்ளையைக் கொஞ்சுவது போல அதை எட்டு மாதம் கொஞ்சினார்.

அவர் வேலை பார்த்தது ஒரு பார்ஜ் கம்பெனியில். அறுபத்தாறாம் வருஷம் அது. ஊரே அமெரிக்கக் கோதுமைக்காக ரேஷன் கடை வரிசையில் நின்ற காலம். கோதுமை கொண்டுவரும் கப்பல்களுக்குத் துறைமுகத்துக்குள் இடம் கிடைக்காது. நடுத்தண்ணீரில் நங்கூரம் போட்டு நிற்கும். பார்ஜ் என்கிற தட்டைப் படகுகள் போய் மூட்டைகளை இறக்கிக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். யாருடைய பார்ஜ் முதலில் போய்க் கப்பலை ஒட்டி நிற்கிறதோ அவர்களுக்கு வேலை. அதற்காகக் கம்பெனியின் லாஞ்ச் என்கிற மோட்டார் படகு ஒன்று பகல் முழுக்கத் துறைமுக வாயிலில் காவல் கிடக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு அதிலிருந்து வயர்லெஸ்ஸில் செய்தி வரும். இன்ன கப்பல் வந்திருக்கிறது, இத்தனை பார்ஜ் வேண்டும் என்று. டாக்யார்டு ரோடு ஸ்டேஷன் பக்கம் ஒரு கிடங்கின் மாடியில் உட்கார்ந்து அனந்தநாராயணன் அதைக் கேட்டுக்கொண்டு, விடிந்ததும் பார்ஜ் கிளம்ப ஏற்பாடு செய்வார்.

இதில் ஒரே ஒரு சங்கடம். வயர்லெஸ்ஸில் பேசுவதும் நடுத்தெருவில் நின்று பேசுவதும் ஒன்றுதான். செட் வைத்திருக்கிற எவன் வேண்டுமானாலும் கேட்கலாம். எதிர்க் கம்பெனிக்காரன் கேட்டான். இங்கிலீஷில் சொன்னாலும் கேட்டான், ஹிந்தியில் சொன்னாலும் கேட்டான். இவர்கள் பார்ஜ் போய்ச் சேரும்போது அவன் பார்ஜில் பாதி மூட்டை இறங்கியிருக்கும். முதலாளி சேட் கோபித்துக்கொண்டு ஒரு எண் புத்தகம் அச்சடித்துக் கொடுத்தார். நாற்பத்தேழு என்றால் கோதுமை, எழுபத்துநாலு என்றால் கந்தகம். லாஞ்ச் ஓட்டும் சராங்கு இரண்டையும் மாற்றிப் படித்ததில், கோதுமைக்குப் போக வேண்டிய நாலு பார்ஜும், இல்லாத கந்தகக் கப்பலைத் தேடிக்கொண்டு ட்ராம்பே வரை போய்விட்டு வெறுங்கையோடு திரும்பின.

அப்போதுதான் அனந்தநாராயணன் எழுந்து நின்று, தமிழில் பேசினால் என்ன என்று கேட்டார்.

சேட் அவரைத் தமிழில் பேசச் சொல்லி இரண்டு நிமிஷம் கேட்டுப் பார்த்தார். நமக்கே ஒன்றும் புரியவில்லையே, அவனுக்கு எங்கே புரியப் போகிறது என்று தொடையைத் தட்டிச் சிரித்தார். "பஹுத் அச்சா, ஐயர்!" என்றார். பதினெட்டு வருஷத்தில் சேட் அவரை அச்சா என்று பாராட்டியது அன்றைக்குத்தான்.

லாஞ்ச் பக்கம் பேச ஒரு தமிழன் வேண்டுமே. லாஞ்ச்சில் கயிறு வீசிக் கட்டும் வேலையில் சுயம்பு என்று ஒருவன் இருந்தான். சாத்தான்குளத்துப் பக்கத்துக்காரன், முப்பத்தைந்து வயது, தாராவியில் ஜாகை. அவனை மாடிக்கு அழைத்து, பேசும்போது இந்தப் பொத்தானை அமுக்கு, கேட்கும்போது விடு, முடித்தால் ஓவர் என்று சொல் என்று ஒரு மத்தியானம் முழுக்கச் சொல்லிக்கொடுத்தார். அவன் இரண்டாம் தடவையிலேயே பிடித்துக்கொண்டான்.

யோசனை பலித்தது. எட்டு மாதம் எதிர்க் கம்பெனிக்காரன் வயர்லெஸ் செட்டைக் காதில் வைத்துக்கொண்டு தலையைப் பிய்த்துக்கொண்டான்.

ஆறு மணிச் செய்தியைச் சொல்லி முடித்த பிறகும் லாஞ்ச் கரைக்குத் திரும்ப ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரம் இரண்டு பேரும் செட்டின் முன்னால் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். முதலில் மழையைப் பற்றிப் பேசினார்கள். அப்புறம் சாப்பாட்டைப் பற்றி. அப்புறம் ஒருநாள் அனந்தநாராயணன் தன் பெண்ணைப் பற்றிப் பேசினார்.

"சுயம்பு, என்ன பாத்துண்டிருக்கே? ஓவர்."

"தண்ணியத்தான் சாமி. வேற என்னத்தப் பாக்க? ஓவர்."

"இன்னிக்குக் கார்த்தால மறுபடியும் வந்துடுத்துடா. குளிக்கப் போன எடத்துலே விழுந்துட்டா. நெத்தியிலே அடி. ஓவர்."

"நாக்கக் கடிச்சுக்கிட்டாளா சாமி? ஓவர்."

"இல்லே. அகிலாண்டம் கதவை ஒடைச்சுண்டு உள்ளே போயிட்டா. இருவத்திரண்டு வயசாறது அவளுக்கு. இந்த வலிப்பு விஷயம் எங்க காலனிலே ஒருத்தருக்குத் தெரிஞ்சாப் போறும், ஜாதகத்தை எவனும் கையாலே தொடமாட்டான். நீ யார்கிட்டயும் மூச்சு விடாதே. ஓவர்."

"நான் யாருட்ட சாமி சொல்லப் போறேன்? மாத்திர ஒழுங்கா முழுங்குதாளா? ஓவர்."

பெண் பகீரதியின் வலிப்பைப் பற்றி உடன்பிறந்த அண்ணாவிடம்கூட அவர் சொன்னதில்லை. சுயம்புவிடம் சொன்னார். ஏன் என்று கேட்டால், அவன் நல்லவன் என்பார். உண்மை அதுவல்ல. அவன் அவருடைய உலகத்தில் யாருக்கும் உறவில்லை, யாருடைய கல்யாணத்துக்கும் வரப்போவதில்லை. அவனிடம் சொன்னால் கடலில் சொன்ன மாதிரி. எட்டு மாதம் தன் வீட்டில் அடுப்பெரிந்ததிலிருந்து அழுகை வரைக்கும் சொன்ன மனிதர், உனக்குப் பிள்ளைகள் எத்தனை என்று ஒருநாள்கூட அவனைக் கேட்டதில்லை.

ஜூன் மாதம், மழை பிடிப்பதற்கு முன்னால், வினை வந்தது. அடுத்தடுத்து மூன்று கப்பல்கள். மூன்றிலும் எதிர்க் கம்பெனியின் பார்ஜ் முந்திக்கொண்டது. சேட் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"ஐயர், இந்த பாஷை நம்ம கம்பெனியிலே எத்தனை பேருக்குத் தெரியும்?"

"ரெண்டு பேருக்கு சார். ஒண்ணு நான்."

அவ்வளவுதான் சொன்னார். பொய் ஒன்றும் இல்லை. அந்த இரண்டாவது ஆளின் பெயரைக்கூட அவர் வாயால் சொல்லவில்லை. சொல்லாமலே சொல்லிவிட்டு, சேட்டின் மேஜை மேலிருந்த கண்ணாடிக் குண்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவன் அப்படிப்பட்டவன் இல்லை என்று ஒரு வார்த்தை நெஞ்சுவரை வந்தது. ஆனால் அவன் இல்லை என்றால் வேறு யார் என்று சேட் கேட்பார். அந்தக் கேள்வியின் பக்கத்தில் தான் நிற்க வேண்டாம் என்று வார்த்தையை விழுங்கிவிட்டார்.

மறுநாள் காலை கேட் காவலாளி மன்சூர் அலி, சுயம்புவின் துறைமுகப் பாஸை வாங்கி வைத்துக்கொண்டார். பாஸ் போனால் அந்தத் துறைமுகத்தில் எந்தக் கம்பெனியிலும் கால் வைக்க முடியாது. சுயம்பு மாடிப்படிக்குக் கீழே நெடுநேரம் நின்றான். அனந்தநாராயணன் ஜன்னல் வழியாக அவன் தலையைப் பார்த்தார். வேலை முடிந்ததும் கிடங்குக்குள் இறங்கும் பின்படி வழியாக வெளியேறி ஸ்டேஷனுக்குப் போனார். நம்பிக்கையான வேறு ஆள் உண்டா என்று சேட் கேட்டபோது, மச்சினியின் பிள்ளை கிட்டுவைச் சொன்னார். வேலையில்லாமல் மாதுங்காவில் சுற்றிக்கொண்டிருந்த கிட்டு, அடுத்த திங்கட்கிழமை லாஞ்ச்சில் ஏறி, முதல் அலையிலேயே வாந்தியெடுத்தான்.

இத்தனைக்கும் பிறகு அவருக்கு வந்தது வருத்தம் அல்ல, பயம். பகீரதிக்கு ஒரு வரன் திகையும்போல இருந்தது. மாதுங்காவில் நல்ல குடும்பம், பையனுக்குச் சர்க்கார் ஆபீஸில் வேலை. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குப் பெண் பார்க்க வருகிறார்கள். வேலை போன கோபத்தில் சுயம்பு வாயைத் திறந்தால்? எந்த வாயை நம்பி எல்லாவற்றையும் கொட்டினாரோ அதே வாய் இப்போது அவருடைய தூக்கத்தைக் கெடுத்தது. வெள்ளிக்கிழமை காலை, வேலைக்குப் போகும் முன்னால் ரயில் மாறிச் சயான் ஸ்டேஷனில் இறங்கினார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

இருபத்தேழு வருஷமாகப் பம்பாயில் இருக்கிறார். தாராவிக்குள் அன்றுதான் கால் வைத்தார். மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. தோல் பதனிடும் கிடங்குகளிலிருந்து வந்த வாடை குடைக்குள்ளும் புகுந்தது. சாக்கடையில் போட்டிருந்த கற்களின் மேல் ஒவ்வொரு அடியாகப் பார்த்து வைத்து, ஒரு டீக்கடை முன்னால் போய் நின்றார். பம்ப் ஸ்டவ் இரைந்துகொண்டிருந்தது. பெஞ்சில் நாலைந்து பேர். பாத்திரம் வைத்துக்கொண்டு டீ வாங்க ஒரு பெண் நின்றிருந்தாள்.

"இங்கே சுயம்புன்னு ஒருத்தர், லாஞ்ச்சிலே வேலை பாத்துண்டிருந்தார். அவராத்துக்கு எப்படிப் போகணும்?"

கடையில் பேச்சு நின்றது. கடைக்காரர் பிரம்மநாயகம் ஸ்டவ்வின் காற்றைத் திறந்துவிட்டார். இரைச்சல் அடங்கியது.

"சாமி, இன்னொரு மட்டம் பேசுங்க" என்றார்.

"என்ன பேசணும்?"

"எதையாச்சும் பேசுங்க. போதும், போதும், பேசிட்டிய. ஏ சொரிமுத்து, குரலு தெரியுதா?"

பெஞ்சிலிருந்த சொரிமுத்து எழுந்தே விட்டான். "ஏ, நம்ம ஓவர் சாமிலா இது! ஆளு ஒசரமா இருப்பாகன்னு நெனச்சேன்."

அந்தப் பெண் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பக்கத்தில் வந்தாள். அக்கறையாக, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்:

"புள்ளைக்கு இப்ப எப்படி இருக்கு சாமி? குளிக்கப் போன எடத்துல விழுந்தான்னியளே, நெத்திக் காயம் ஆறிட்டா?"

பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரியாமல் ஜன்னலைச் சாத்திவிட்டு மருந்து போட்ட காயம் அது.

"இவங்களுக்கெல்லாம் எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

பிரம்மநாயகம் தோளில் கிடந்த துண்டால் ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அலமாரியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்த பெரிய ரேடியோவைக் காட்டினார்.

"சாயங்காலம் சிலோன் வைப்போம் சாமி. இந்த ஊர்ல தமிழ்ப்பாட்டு கேக்க வேற போக்கு ஏது? ஒருநா முள்ளு கொஞ்சம் தள்ளி நின்னுபோச்சு. பாத்தா நம்ம சுயம்பு பேசுதான்! கடலுக்குள்ள இருந்து பேசுதான்! தெருவே ஓடியாந்திட்டு. அன்னையிலருந்து ஆறு மணியானா பாட்ட நிறுத்திட்டு ஒங்களத்தான் வைக்கது."

"அத்தனையும் கேட்டேளா?"

"ஒங்க சம்சாரம் மோர்க்குழம்புல உப்பக் கூடப் போட்டது வரைக்கும்" என்றான் சொரிமுத்து. கடையே சிரித்தது. குத்தலான சிரிப்பு இல்லை. சொந்தக்காரரைக் கேலி செய்கிற சிரிப்பு. அதுதான் அவரை அதிகமாகச் சுட்டது.

சொரிமுத்து தொடர்ந்தான். "எங்க பொழப்பே ஒங்க வாயிலதான சாமி இருந்திச்சு. நான் மூட்ட எறக்குத ஆளுகளக் கூட்டிட்டுப் போறவன். நீங்க அஞ்சு பார்ஜுன்னு சொன்னா இங்கன அறுவது பேருக்கு வேல. கருக்கல்லயே எந்திரிச்சு தக்காவுல போயி நிப்போம், படகேறுத எடத்துல. பிந்திப் போனா அன்னைக்கு வேல கெடையாது, நாகாதான். கடைசில கொஞ்ச நாளா, எதுத்த கம்பெனிக்கு ஆளுகள மேய்க்குத முகாதமே எங்களப் பாத்துக் கேப்பான், 'என்னலே இன்னைக்கு இத்தன பேரு வந்து நிக்கிய, பெரிய கப்பலு வந்திருக்கோ'ன்னு."

"நீ என்ன சொல்வே?"

"ஆமான்னுதான் சொல்லுவேன். கப்பலு என்ன மறைச்சு வைக்கத சாமானா?"

யாரும் எதையும் விற்கவில்லை. விடிகாலை இருட்டில் வேலைக்கு நின்ற அறுபது பேரின் கூட்டமே செய்தியைச் சொல்லிவிட்டது. தன் காலனிக்காரர்களை விட்டால் தமிழ் தெரிந்தவர்கள் பம்பாயில் வேறு இல்லை என்று நினைத்தவர் அவர். மாதுங்காவுக்குப் போகும்போதெல்லாம் ரயிலில் இந்த இடத்தைக் கடந்து போயிருக்கிறார், இங்கே தமிழ்ப் பலகைகளைப் பார்த்திருக்கிறார். கணக்கில் எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அந்த வெட்கம் அவருக்கு உள்ளங்காலிலிருந்து ஏறியது.

சுயம்புவின் வீடு கடைக்குப் பின்னால் மூன்றாவது சந்தில் இருந்தது. ஒரே அறை. கூரைத் தகரத்தில் ஒழுகிய இடத்துக்குக் கீழே ஒரு சட்டி. சுயம்புவின் மனைவி முப்பிடாதியம்மாள் கடைகளுக்குப் போடுவதற்காக முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தாள். ஈரத் துணியில் வரிசையாகப் பிழிந்து வைத்ததை ஒவ்வொன்றாக எண்ணெயில் விட்டாள். சுயம்பு எழுந்து பாயைத் தட்டிப் போட்டான். அவன் விரல்கள் வெள்ளையாக வெடித்துக் கிடந்தன.

"தோல் கிட்டங்கியில உப்பு போடுதேன் சாமி. பாஸு இல்லாம வேற எங்க போக? உக்காருங்க."

"சுயம்பு, ஊரே கேக்கறதுன்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதோ?"

அவன் நிஜமாகவே ஆச்சரியப்பட்டான். "ஒங்களுக்குத் தெரியும்னுலா நெனச்சேன்! ரேடியோன்னா கேக்கத்தான செய்யும். நீங்க படிச்சவிய. தெரிஞ்சுதான் பேசுதியன்னு இருந்தேன்."

"பகீரதி சமாசாரத்தையுமா நான் தெரிஞ்சு ஊருக்குச் சொல்வேன்?"

"ஆத்தாமைக்குச் சொல்லுதியன்னு நெனச்சேன். எங்காளுவ அப்படித்தான சாமி? வீட்ல ஒண்ணுன்னா தெருவுல நின்னு நாலு பேருகிட்ட சொல்லி அழுதிருவோம், மனசு ஆறிரும். யாருட்டயும் மூச்சு விடாதன்னு நீங்க சொன்னதையும் எல்லாரும் கேட்டாங்கள்லா. பிரம்மநாயகம் அண்ணாச்சி அன்னைக்கே கடையில வச்சுச் சொல்லிட்டாக, பொம்பளப்புள்ள வெசயம், இந்தத் தெருவ விட்டு ஒரு சொல்லு தாண்டக் கூடாதுன்னு. தாண்டல."

அனந்தநாராயணன் வாழைப்பழச் சீப்பைப் பாயில் வைத்தார். அதைக் கொடுத்து என்ன கேட்க வந்தாரோ, அது கேட்பதற்கு முன்னாலேயே கிடைத்துவிட்டது. எட்டு மாதமாகவே கிடைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

"நீ சேட்கிட்ட போய்ச் சொல்லியிருக்கலாமேடா?"

"எங்கிட்ட யாரு கேட்டா? மன்சூர் அலி பாய் பாஸ வாங்குனாரு. ஏன் பாய்னேன். மேல ஆர்டருன்னாரு. சாயங்காலம் வரைக்கும் கீழ நின்னேன், நீங்க எறங்கி வருவியன்னு."

"அன்னிக்கு எனக்குத் தலைவலி. சீக்கிரமே ஆத்துக்குப் போயிட்டேன்."

முப்பிடாதியம்மாள் அதுவரை திரும்பவில்லை. முறுக்கைப் புரட்டிப் போட்டபடியே சொன்னாள்:

"ஆறு மணிக்கு நீங்க சராங்குட்ட ஹிந்தியில பேசுனியளே சாமி. நாங்க எல்லாரும் கேட்டோமே."

எண்ணெய் சடசடத்தது. சுயம்பு அவளை முறைத்தான். அவள் கண்டுகொள்ளவில்லை.

"அவிய குரலு வந்தாத்தான் நான் ஒலையில அரிசி போடுவேன். கடல்ல இருக்க மனுசன், குரலு கேட்டா நமக்கு உசுரு வந்திரும். ஒங்களையும் வாழ்த்திக்கிடுவேன். எங்க வீட்டு ஆளுட்ட ஒரு ஆபீசரு இம்புட்டு ஒட்டுதலா பேசுதாகளேன்னு. இப்ப ஒரு பையன் பேசுதான். பேசுதானா வாந்தி எடுக்கானான்னு தெரியல. ஒங்க மச்சினி மவனாம்லா?"

"ஆமாம்" என்றார். அதையும் அவரேதான் காற்றில் சொல்லியிருந்தார்.

"சேட்டுகிட்ட எப்பச் சொல்லப் போறிய சாமி?"

"ஏட்டி, சும்மா கெட" என்றான் சுயம்பு.

"நான் என்ன தப்பாக் கேட்டேன்? இவிய சந்தேகப்படலன்னா வந்திருக்க மாட்டாக. இவியளுக்கே இப்பத் தெரிஞ்சுபோச்சு, குத்தம் ஒங்க மேல இல்லன்னு. அதப் போயிச் சொன்னா பாஸு வந்திரும். இன்னைக்குச் சொல்லுவியளா சாமி?"

"இன்னிக்கே சொல்றேன்மா" என்றார் அனந்தநாராயணன். சொன்னபோது நிஜமாகவே சொன்னார்.

முப்பிடாதியம்மாள் சூடு ஆறாத முறுக்கைக் காகிதத்தில் சுற்றி, "பாப்பாவுக்குக் குடுங்க" என்று நீட்டினாள். வாங்கிக்கொண்டார். சயானில் ரயில் ஏறி உட்கார்ந்ததும், இதை வீட்டுக்குக் கொண்டுபோனால் யார் கொடுத்தது என்று அகிலாண்டம் கேட்பாளே என்று தோன்றியது. இறங்கும்போது பொட்டலம் ரயில் பெஞ்சிலேயே இருந்தது. மறந்துவிட்டேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மாடிக்குப் போனதும் சேட்டின் அறை வாசலில் நின்றார். சேட் நிமிர்ந்து பார்த்து, "போலோ, ஐயர்" என்றார். தப்பு என்னுடையது சார், என்னுடைய யோசனையே தப்பு, பம்பாயில் ஆயிரக்கணக்கான பேருக்குத் தமிழ் தெரியும் சார். வரும் வழியெல்லாம் இங்கிலீஷில் கோத்து வைத்திருந்த வாக்கியங்கள். சொன்னால் வேலை இருக்காது. ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் பெண்ணின் அப்பாவுக்கு என்ன உத்தியோகம் என்று கேட்பார்கள்.

"ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு வேணும் சார்" என்றார்.

சேட் கையை ஆட்டினார். போய்க்கொள் என்று அர்த்தம்.

ஆறு மணிக்குச் செட்டின் முன்னால் உட்கார்ந்தார். அந்த வாரம் கனத்த மழை. கப்பல் ஏதும் வரவில்லை. கிட்டு இரண்டே வாக்கியத்தில் செய்தியை முடித்தான். அனந்தநாராயணன் பொத்தானை அமுக்கினார்.

"கிட்டு, நீ பேசாதே. நான் சொல்றது ஒனக்கு இல்லே." மூச்சை இழுத்துக்கொண்டார். "தாராவியிலே கேட்டுண்டிருக்கறவாளுக்குச் சொல்றேன். சுயம்பு ஒரு தப்பும் பண்ணலை. தப்பு என்னோடது. நான்தான் முட்டாள். நான் கோழை. அவன் கீழே நின்னபோது நான் பின்பக்கமா ஓடிப்போனேன். தலைவலி ஒண்ணும் இல்லே. எல்லாரும் என்னை மன்னிக்கணும். ஓவர்."

அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. அப்போது சேட் கையில் டீ கிளாஸோடு அவருக்குப் பின்னால் நின்றிருந்தார். இன்றைக்கு ரிப்போர்ட் ரொம்ப நீளமாக இருக்கிறதே, நல்லது, நல்லது என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்.

"பெரியப்பா, யார்கிட்டப் பேசறேள்? ஓவர்" என்றான் கிட்டு.

அன்று ராத்திரி அனந்தநாராயணன் நன்றாகத் தூங்கினார். எத்தனை நாளைக்கப்புறம் இப்படித் தூங்கறேள் என்று அகிலாண்டம்கூடச் சொன்னாள். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, நூறு பேர் கேட்கச் சொல்லியாயிற்று என்று அவருக்கு ஒரு நிறைவு. மனிதனுக்குத் தன்னை ஏமாற்றிக்கொள்வதைப் போலச் சுலபமான காரியம் வேறில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மழை வெளிவாங்கியிருந்தது. வீட்டில் நெய்யில் ரவை வறுபடும் வாசனை. அகிலாண்டம் வாழைக்காயை மெல்லிசாகச் சீவிக்கொண்டிருந்தாள். பகீரதி மாம்பழ நிறப் புடவையில், நெற்றித் தழும்பு தெரியாதபடி தலையை இறக்கி வாரி, ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தாள். காலையிலேயே ஒரு மாத்திரைக்கு இரண்டாகக் கொடுத்திருந்தார்கள். அவளுக்குக் கண் சொக்கியது. அனந்தநாராயணன் வாசல் கேட்டில் சகதியைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தபோது, எதிரே தண்ணீர்த் தொட்டிப் பக்கத்திலிருந்து முப்பிடாதியம்மாள் வந்தாள். நல்ல சேலை உடுத்தியிருந்தாள்.

அவர் தண்ணீர்ச் செம்பைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கேட்டுக்கு உள்ளேயே, வேப்பமரத்தின் மறைவுக்கு அவளை ஒதுக்கினார்.

"நீ எப்படி இங்கே வந்தே?"

"தொட்டிக்கு எதுத்த வீடு, வாசல்ல வேப்பமரமுன்னு நீங்கதான சொல்லியிருக்கிய. யாருட்டயும் கேக்கவே இல்ல, நேரா வந்துட்டேன்."

"இன்னிக்கு அவாள்லாம் வர நாள்மா. மெதுவாப் பேசு. நான்தான் சொல்லிட்டேனே, வெள்ளிக்கிழமையே சொல்லிட்டேனே, நீ கேக்கலையா?"

"கேட்டேன் சாமி. கடையில எல்லாரும் கேட்டாங்க. அவிய அழுதாக. நான்கூட அழுதேன். நேத்து வெள்ளன எந்திரிச்சு அவிய குளிச்சு முழுகி, கேட்டுக்குப் போனாக. பாஸு குடுங்க, ஐயரு சொல்லிட்டாகன்னு. மன்சூர் அலி பாய் மேல போயிக் கேட்டுட்டு வந்து, அப்படி ஒண்ணும் இல்ல, போன்னுட்டாரு. நாலு பேரு முன்னால."

அனந்தநாராயணன் பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்தார்.

"தமிழ்ல சொன்னா எங்களுக்குல்லா தெரியும் சாமி? எங்களுக்கு முன்னமே தெரியுமே, அவிய செய்யலன்னு. சேட்டுக்குத் தெரியுத பாஷையில நீங்க சொல்லலையே."

"சொல்றேன்மா. இந்தக் கல்யாணம் ஒண்ணு முடியட்டும்."

முப்பிடாதியம்மாள் அவர் தோளுக்கு மேலாக, திறந்திருந்த வாசல் கதவு வழியே, ஊஞ்சலில் தூங்கி விழுந்துகொண்டிருந்த பெண்ணைப் பார்த்தாள். கோபமாகத்தான் வந்திருந்தாள். அந்தக் கோபத்தை அந்தப் பெண்ணுக்குக் கேட்காத அளவுக்கு இறக்கிக்கொண்டு பேசினாள்.

"எங்க தெருவுல நூறு பேருக்குத் தெரியும் சாமி, இந்தப் புள்ள வெசயம். நூறு பேரும் வாயப் பொத்திக்கிட்டு இருக்கோம். ஒங்களுக்கு ஒரே ஒரு ஆளுட்ட ஒரே ஒரு சொல்லு சொல்ல வாய் வரல. பொறுத்துப் பாத்துட்டேன், அதச் சொல்லத்தான் வந்தேன். நாங்க இனியும் சொல்ல மாட்டோம். அதுக்காவப் பயப்படாதிய."

அவள் கேட்டை நோக்கி நடந்தாள். உள்ளேயிருந்து அகிலாண்டத்தின் குரல் வந்தது.

"ஏன்னா, வாசல்லே யாரு? பேச்சுக் குரல் கேட்டுதே!"

"யாரோ ஒருத்தி. வழி கேட்டுண்டு வந்தா" என்றார் அனந்தநாராயணன்.

சத்தமாகத்தான் சொன்னார், உள்ளே சமையலறை வரை கேட்க வேண்டுமே. முப்பிடாதியம்மாள் அப்போது கேட்டின் கொண்டியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவள் கை ஒரு கணம் நின்றது. பிறகு வெளியே போய், கேட்டைச் சத்தம் வராமல் சாத்திக் கொண்டியைப் போட்டுவிட்டு, ஸ்டேஷன் பக்கமாக நடந்தாள்.